கம்பியில்லா மின்னேற்றம்: தட்டில் வைத்தால் மட்டும் போதுமா?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இரவு பதினொரு மணிக்குக் கைப்பேசியைக் கம்பியில்லா மின்னேற்றத் தட்டின்மீது வைத்துவிட்டு நிம்மதியாகப் படுக்கிறோம். காலை ஐந்தரை மணிக்கு எழுந்து பார்க்கிறோம். இரவில் 20 விழுக்காடாக இருந்த மின்கலம் இப்போது 12 விழுக்காட்டில் நிற்கிறது. வேலைக்குப் புறப்படும் அவசரத்தில் "இந்தத் தட்டே சரியில்லை" என்று திட்டிவிட்டுப் பழைய கம்பியைத் தேடுகிறோம்.

இன்னொரு வீட்டில் வேறொரு குறை. அங்கே மின்னேற்றம் நடக்கத்தான் செய்கிறது. ஆனால் கைப்பேசியைக் கையில் எடுத்தால் சுடுகிறது. வாங்கி ஒன்றரை ஆண்டு ஆவதற்குள் மின்கலம் மாலை வரைகூடத் தாங்குவதில்லை.

இந்த இரண்டு குறைகளுக்கும் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். தட்டுக்கும் கைப்பேசிக்கும் நடுவே இருக்கும் சில மில்லிமீட்டர் இடைவெளியே அது. அந்தச் சிறிய இடைவெளியில் என்ன நடக்கிறது என்பதை ஒருமுறை புரிந்துகொண்டால் போதும். எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று யாரும் நமக்குப் பட்டியல் போட்டுத் தர வேண்டியதில்லை.

இது சின்ன விஷயம்தானே என்று சிலர் நினைக்கலாம். இன்று கைப்பேசியில் நமது வங்கிக் கணக்கு இருக்கிறது. பிள்ளைகளின் பள்ளித் தகவல் இருக்கிறது. தனியாக வசிக்கும் வயதான தாய் தந்தையருக்கு ஆபத்து அவசர வேளையில் உதவி கேட்க இருக்கும் ஒரே வழியும் பல வேளைகளில் அதுதான். நள்ளிரவில் அந்தக் கைப்பேசி உயிரற்றுக் கிடந்தால் அதைச் சின்ன விஷயம் என்று சொல்ல முடியுமா?

பெயரில்தான் கம்பியில்லை

முதலில் பெயரையே எடுத்துக்கொள்வோம். கம்பியில்லா மின்னேற்றம் என்கிறோம். ஆனால் தட்டிலிருந்து ஒரு கம்பி புறப்பட்டுச் சுவரில் உள்ள மின்செருகிக்குப் போகத்தான் செய்கிறது. கம்பி இல்லாத பகுதி, தட்டின் மேற்பரப்புக்கும் கைப்பேசியின் முதுகுக்கும் இடையே உள்ள கடைசிச் சில மில்லிமீட்டர் மட்டுமே. வானொலி அலைபோல அறை முழுவதும் மின்சாரம் பரவி வந்து கைப்பேசியை நிரப்புகிறது என்று எண்ணிவிடக் கூடாது.

அறிவியலாளர் நிக்கோலா டெஸ்லா நெடுந்தொலைவுக்குக் கம்பியின்றி மின்சாரம் அனுப்ப முடியும் என்று நம்பினார். 1901ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் அதற்காக ஒரு கோபுரத்தையே கட்டத் தொடங்கினார். பணம் இல்லாமல் அந்தத் திட்டம் பாதியில் நின்றது. 1917இல் கோபுரமும் இடிக்கப்பட்டது. நம் மேசைமேல் இருக்கும் தட்டு டெஸ்லாவின் அந்தக் கனவைவிட மிக எளிமையானது. அதன் அடிப்படையை அவருக்கும் முன்னரே ஒருவர் கண்டுபிடித்துவிட்டார்.

ஃபாரடே காட்டிய வழி

அவர்தான் இங்கிலாந்தின் மைக்கேல் ஃபாரடே. 1831ஆம் ஆண்டு அவர் ஓர் இரும்பு வளையத்தை எடுத்துக்கொண்டு, அதன் ஒரு பக்கத்தில் ஒரு கம்பிச் சுருளையும் மறு பக்கத்தில் இன்னொரு கம்பிச் சுருளையும் சுற்றினார். இரண்டு சுருள்களும் ஒன்றையொன்று தொடவில்லை. முதல் சுருளை மின்கலத்தோடு இணைத்த நொடியில், இரண்டாவது சுருளின் அருகில் இருந்த காந்த ஊசி துள்ளியது. மின்னோட்டம் சீராக ஓடிக்கொண்டிருந்தபோது ஊசி அசையவில்லை. இணைப்பைத் துண்டித்த நொடியில் மீண்டும் துள்ளியது.

இதிலிருந்து என்ன தெரிகிறது? ஒரு சுருளில் மின்சாரம் ஓடினால் அதைச் சுற்றிக் காந்தப்புலம் உண்டாகிறது. அந்தக் காந்தப்புலம் மாறும்போதுதான் பக்கத்தில் உள்ள சுருளில் மின்சாரம் பிறக்கிறது. மாற்றம் நின்றால் மின்சாரமும் நின்றுவிடும். இதற்கு மின்காந்தத் தூண்டல் என்று பெயர். நமது குடியிருப்புப் பகுதிகளில் வேலி போட்டு வைத்திருக்கும் துணை மின்நிலையங்களில் உள்ள மின்மாற்றிகள் எல்லாம் இந்த அடிப்படையில்தான் இயங்குகின்றன.

கம்பியில்லா மின்னேற்றம் என்பது இரண்டாகப் பிரித்து வைக்கப்பட்ட ஒரு மின்மாற்றியே ஆகும். ஒரு பாதிச் சுருள் தட்டுக்குள் இருக்கிறது. மறு பாதி கைப்பேசியின் முதுகுக்குள் இருக்கிறது. நாம் கைப்பேசியைத் தட்டில் வைக்கும் ஒவ்வொரு முறையும் அந்த மின்மாற்றியை நம் கையாலேயே ஒன்று சேர்க்கிறோம்.

வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை திசை மாறி மாறிச் சுழல்கிறது. இவ்வளவு சிறிய, மெல்லிய சுருள்களுக்கு அந்த வேகம் போதாது. ஆகவே தட்டுக்குள் இருக்கும் மின்சுற்று அந்தச் சுழற்சியை நொடிக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் முதல் இரண்டு லட்சம் முறை வரை உயர்த்துகிறது. காந்தப்புலம் அதே வேகத்தில் மாறுகிறது. கைப்பேசிச் சுருளில் மின்சாரம் பிறக்கிறது. கைப்பேசி அதை நேர்திசை மின்சாரமாக மாற்றி மின்கலத்துக்கு அனுப்புகிறது.

பந்தியில் நடப்பது போல

இந்தத் தட்டு எந்நேரமும் மின்சாரத்தை வாரி இறைத்துக்கொண்டிருக்கிறதா என்று பலர் கேட்கிறார்கள். இல்லை. கல்யாணப் பந்தியில் பரிமாறுகிறவரை நினைத்துப் பாருங்கள். ஆள் உட்காராத இலையில் அவர் சோறு போடமாட்டார். உட்கார்ந்தவர் "இன்னும் கொஞ்சம்" என்றால் போடுவார். "போதும்" என்று இலையின்மேல் கையைக் காட்டினால் நிறுத்திவிடுவார்.

தட்டும் அப்படித்தான் நடந்துகொள்கிறது. சும்மா இருக்கும்போது விட்டு விட்டு ஒரு சிறு துடிப்பை மட்டும் அனுப்பி, மேலே யாராவது இருக்கிறார்களா என்று பார்க்கிறது. கைப்பேசி இருந்தால் அது பதில் கொடுக்கிறது. அந்தப் பதிலும் அதே இரண்டு சுருள்களின் வழியாகத்தான் போகிறது. கைப்பேசி தான் வாங்கும் மின்சாரத்தைச் சற்றே கூட்டியும் குறைத்தும் காட்ட, தட்டு அதைச் செய்தியாகப் படித்துக்கொள்கிறது. "கூட்டு", "குறை", "நிறுத்து" என்று மின்னேற்றம் முடியும் வரை இந்தப் பேச்சு நடந்துகொண்டே இருக்கும். பேச்சு நின்றால் தட்டும் நின்றுவிடும்.

நமது முதல் குறைக்கான விடை இங்கே கிடைக்கிறது. கைப்பேசி சற்று விலகி இருந்தால் இரண்டு சுருள்களும் நேருக்கு நேர் இருப்பதில்லை. பதில் சரியாகப் போய்ச் சேர்வதில்லை. தட்டு தொடங்குகிறது, நிறுத்துகிறது, மீண்டும் தொடங்குகிறது. விடியும்வரை இதே கதைதான். நள்ளிரவில் வந்த ஒரு குறுஞ்செய்தியின் அதிர்வால் கைப்பேசி ஒரு சென்டிமீட்டர் நகர்ந்து போனாலும் இதே நிலைதான்.

"சீ" என்னும் பொதுமொழி

ஒரு நிறுவனத்தின் தட்டும் மற்றொரு நிறுவனத்தின் கைப்பேசியும் பேசிக்கொள்ள வேண்டுமானால் பொதுவான ஒரு மொழி வேண்டும். 2008ஆம் ஆண்டு பல நிறுவனங்கள் சேர்ந்து அதற்கென ஒரு கூட்டமைப்பை உருவாக்கின. 2010இல் முதல் தரநிலை வெளிவந்தது. உயிராற்றலைக் குறிக்கும் சீனச் சொல்லான "சீ" என்பதையே அதற்குப் பெயராக வைத்தார்கள். நம் சீன நண்பர்கள் அடிக்கடி சொல்லும் அதே சொல்தான். 2012இல் நோக்கியாவின் லூமியா 920, 2015இல் சாம்சுங்கின் கேலக்ஸி எஸ்6, 2017இல் ஆப்பிளின் ஐஃபோன் 8 என்று படிப்படியாக இந்த வசதி பரவியது.

ஆனால் சரியாகப் பொருந்தாத சிக்கல் மட்டும் தீரவில்லை. எங்கே வைத்தாலும் மின்னேறும் ஒரு தட்டைக் கொண்டுவரப் போவதாக 2017இல் அறிவித்த ஆப்பிள், தான் எதிர்பார்த்த தரத்தை எட்ட முடியவில்லை என்று 2019இல் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. பிறகு 2020இல் ஐஃபோன் 12 வெளிவந்தபோது சுருளைச் சுற்றி ஒரு காந்த வளையத்தை வைத்தார்கள். காந்தம் இழுத்துக்கொள்வதால் சுருள்கள் தாமாகவே நேர்கோட்டில் உட்காருகின்றன. 2023இல் வந்த "சீ 2" தரநிலை இந்தக் காந்த முறையைப் பிற நிறுவனங்களுக்கும் பொதுவாக்கியது. அதன் வேகம் 15 வாட்; 2025இல் 25 வாட் வரை உயர்ந்தது.

மின்கட்டணம் பெரிதல்ல, வெப்பமே பெரிது

இப்போது இரண்டாவது குறைக்கு வருவோம். கைப்பேசி ஏன் சுடுகிறது?

கம்பி வழியாகப் போகும் மின்சாரத்தில் வழியில் வீணாவது குறைவு. இடைவெளியைத் தாண்டும் மின்சாரத்தில் நிறையவே வீணாகிறது. சுருள்கள் நன்றாகப் பொருந்தியிருந்தாலும் 100 பங்கில் ஏறக்குறைய 70 முதல் 80 பங்குதான் உள்ளே போய்ச் சேரும். விலகி இருந்தால் இன்னும் குறையும்.

இதனால் மின்கட்டணம் எகிறிவிடுமோ என்று பயப்பட வேண்டாம். ஒரு கைப்பேசியின் மின்கலம் கொள்வது ஏறக்குறைய 15 முதல் 20 வாட் மணி. கம்பியில்லா முறையில் ஒரு முறை நிரப்ப கூடுதலாக 6 வாட் மணி செலவாவதாக வைத்துக்கொள்வோம். தினமும் நிரப்பினாலும் ஓராண்டில் சுமார் 2 கிலோவாட் மணிதான் ஆகிறது. ஓரிரு வெள்ளிக்குள் அடங்கிவிடும் செலவு இது.

வீணாகும் அந்த மின்சாரம் எங்கே போகிறது என்பதுதான் முக்கியம். அது வெப்பமாக மாறுகிறது. அதில் ஒரு பகுதி கைப்பேசியின் முதுகில், மின்கலத்தை ஒட்டியே பிறக்கிறது. இன்றைய கைப்பேசிகளில் இருப்பது லித்தியம் அயனி மின்கலம். அதற்குப் பிடிக்காதவை இரண்டு: ஒன்று வெப்பம், மற்றொன்று எந்நேரமும் முழுதாக நிரம்பியிருப்பது. இரண்டும் ஒன்று சேர்ந்தால் தேய்மானம் விரைவாகிறது. முழுதாக நிரப்பப்பட்ட லித்தியம் மின்கலத்தை 25 பாகை செல்சியசில் ஓராண்டு வைத்திருந்தால் அதன் கொள்ளளவு ஏறத்தாழ 80 விழுக்காடாகக் குறைகிறது; 40 பாகையில் வைத்திருந்தால் ஏறத்தாழ 65 விழுக்காடாகிவிடுகிறது. 40 விழுக்காடு மட்டும் நிரப்பி அதே 40 பாகையில் வைத்திருந்தால் 85 விழுக்காடு மிஞ்சுகிறது.

குளிர்நாட்டில் இருப்பவர்களைவிட நாம் இதில் கூடுதலாகக் கவனம் செலுத்த வேண்டும். சுற்றுப்புற வெப்பம் 35 பாகையைத் தாண்டினால் மின்கலத்துக்கு நிரந்தரப் பாதிப்பு ஏற்படலாம் என்று ஆப்பிள் நிறுவனம் எச்சரிக்கிறது. நம் ஊரில் நண்பகல் வெப்பம் சாதாரணமாகவே 32, 33 பாகையில் நிற்கிறது. மிச்சமிருப்பது இரண்டு மூன்று பாகைதான். அந்தச் சிறிய இடத்தைத்தான் சரியாக வைக்கப்படாத தட்டு தின்றுவிடுகிறது.

சரியாகப் பயன்படுத்துவது எப்படி?

முதலாவது, வைக்கும் இடம். பெரும்பாலான கைப்பேசிகளில் சுருள் முதுகின் நடுப்பகுதியில் இருக்கும். அதைத் தட்டின் நடுவில் வையுங்கள். மின்னேறும் அடையாளம் தோன்றியதும் திரும்பிப் போய்விடாமல், ஒரு நிமிடம் கழித்து மீண்டும் ஒருமுறை பாருங்கள். காந்தம் இல்லாத தட்டானால் இரவில் அதிர்வை நிறுத்தி வைப்பது நல்லது. வயதானவர்களுக்கு வாங்கிக் கொடுப்பதாக இருந்தால், கைப்பேசியும் ஏற்றதாக இருக்கும் பட்சத்தில், காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் வகையையே தேர்ந்தெடுங்கள். கைநடுக்கமோ பார்வைக் குறைவோ உள்ளவர்கள் நடுவைத் தேடிக்கொண்டிருக்கத் தேவையில்லை.

இரண்டாவது, உறை. மெல்லிய ஞெகிழி அல்லது சிலிக்கன் உறை இருந்தால் தொல்லை இல்லை. மூன்று மில்லிமீட்டருக்கு மேல் தடித்த உறை இடைவெளியைக் கூட்டிவிடும். உலோக உறை, விரலில் மாட்டும் உலோக வளையம், காரில் ஒட்டவைக்கப் பயன்படும் இரும்புத் தகடு ஆகியவை இருந்தால் கண்டிப்பாகக் கழற்றிவிட வேண்டும்.

மூன்றாவது, சுவரில் செருகும் மின்னேற்றி. 15 வாட் தட்டை வாங்கிவிட்டு, பழைய கைப்பேசியோடு வந்த 5 வாட் மின்னேற்றியில் மாட்டினால் தட்டு மெதுவாக வேலை செய்யும், அல்லது வேலையே செய்யாது. தட்டின் பெட்டியில் எத்தனை வாட் மின்னேற்றி தேவை என்று போட்டிருப்பார்கள்; 15 வாட் தட்டுக்குப் பொதுவாக 20 வாட் தேவைப்படும். மலேசியாவில் சிரிம் முத்திரையும், சிங்கப்பூரில் பாதுகாப்புக் குறியும் மின்னேற்றியில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். தட்டிலும் "சீ" சின்னம் இருக்க வேண்டும்.

நான்காவது, காற்றோட்டம். தலையணைக்கு அடியிலோ மெத்தையின்மேலோ தட்டை வைக்காதீர்கள். மின்னேறும்போது காணொளி அழைப்பு பேசுவதும் விளையாடுவதும் வெப்பத்தை இரட்டிப்பாக்கும். காரில் மின்னேற்றத் தட்டு இருப்பவர்கள், வெயிலில் நிறுத்திய காரை எடுத்தவுடன் கைப்பேசியை அதில் வைக்க வேண்டாம். குளிர்சாதனம் கொஞ்ச நேரம் ஓடிய பிறகு வையுங்கள். சூடு மிகுந்தால் கைப்பேசி தானாகவே மின்னேற்றத்தைக் குறைக்கும் அல்லது நிறுத்தும். அது பழுது இல்லை, தற்காப்பு.

ஐந்தாவது, நிரப்பும் அளவு. இப்போதைய பல கைப்பேசிகளில் 80 விழுக்காட்டோடு நிறுத்தும் வசதி அமைப்புப் பகுதியில் இருக்கிறது. இரவு முழுவதும் தட்டில் வைப்பவர்கள் அதை இயக்கி வைத்தால் மின்கலத்தின் ஆயுள் கூடும்.

நாணயமும் பயண அட்டையும்

சமையலறையில் இருக்கும் மின்தூண்டல் அடுப்பும் இதே தத்துவத்தில்தான் இயங்குகிறது. மாறும் காந்தப்புலத்தில் உலோகப் பாத்திரத்தை வைத்தால் அதற்குள் மின்சாரம் சுழன்று பாத்திரம் சூடாகிறது. அப்படியானால், தட்டுக்கும் கைப்பேசிக்கும் நடுவே ஒரு 20 காசு நாணயமோ சாவியோ மாட்டிக்கொண்டால் என்ன ஆகும்? அந்த நாணயமே பாத்திரமாகிவிடும்.

தரமான தட்டு, தான் அனுப்பியது எவ்வளவு, கைப்பேசி பெற்றுக்கொண்டதாகச் சொல்வது எவ்வளவு என்று கணக்குப் பார்க்கிறது. கணக்கு உதைத்தால் நிறுத்திவிடும். இரவுச் சந்தையில் கிடைக்கும் பெயர் தெரியாத மலிவுத் தட்டுகளில் இந்தக் கணக்கு ஒழுங்காக நடக்கும் என்று நம்ப முடியாது. பத்து வெள்ளி மிச்சப்படுத்தப் போய் வீட்டுக்கே ஆபத்தைக் கொண்டுவரக் கூடாது.

டச் அண்ட் கோ அட்டை, ஈசி லிங்க் அட்டை, வங்கி அட்டை ஆகியவற்றைக் கைப்பேசி உறைக்குள் செருகி வைக்கும் பழக்கம் நம்மிடையே அதிகம். தட்டில் வைக்கும் முன் அவற்றை எடுத்துவிடுங்கள். அவற்றின் காந்தப் பட்டையும் சில்லும் பழுதாகக் கூடும்.

இதயக் கருவி பொருத்தியவர்களுக்கு

ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 2021ஆம் ஆண்டு அமெரிக்காவின் மிச்சிகன் மாநில மருத்துவர்கள், காந்த வளையம் கொண்ட கைப்பேசியை இதயக் கருவி பொருத்திய ஒருவரின் மார்புக்கு அருகே கொண்டு சென்றபோது, அந்தக் கருவியின் உயிர்காக்கும் செயல்பாடு தற்காலிகமாக நின்றதைப் பதிவு செய்தார்கள். ஆகவே இதயமுடுக்கி போன்ற கருவி பொருத்தியவர்கள் இத்தகைய கைப்பேசியைச் சட்டைப்பையில் வைக்கக் கூடாது. 15 சென்டிமீட்டருக்கு மேலும், கம்பியின்றி மின்னேறும் வேளையில் 30 சென்டிமீட்டருக்கு மேலும் தள்ளி வைக்க வேண்டும் என்று ஆப்பிள் நிறுவனமே அறிவுறுத்துகிறது. தங்கள் மருத்துவரிடமும் கேட்டுக்கொள்வது அவசியம். வீட்டுப் பெரியவர்களுக்கு அன்பளிப்பாகத் தட்டு வாங்கும் பிள்ளைகள் இதை முதலில் யோசிக்க வேண்டும்.

மற்றவர்கள் கதிர்வீச்சு என்று அஞ்சத் தேவையில்லை. இந்தக் காந்தப்புலம் எக்ஸ்ரே கதிரைப் போன்றதன்று. சில சென்டிமீட்டர் தாண்டினாலே வேகமாக வலுவிழந்துவிடும்.

அப்படியானால் கம்பியே மேலா?

அவசரமாக வெளியே கிளம்ப வேண்டுமானால் கம்பியே மேல். வேகமும் அதிகம், சூட்டினால் வீணாவதும் குறைவு. கம்பியில்லா முறைக்கும் அதற்கே உரிய பயன் உண்டு. தினமும் செருகி இழுப்பதால் கைப்பேசியின் துளை தேய்கிறது. அது பழுதானால் பழுதுபார்க்கும் செலவு உண்டு. செருகும் முனையைத் தேடித் தடுமாறும் முதியோருக்குத் தட்டு பெரிய வசதி. எதை எப்போது பயன்படுத்துவது என்று தெரிந்திருந்தால் இரண்டுமே நமக்கு உதவும்.

இன்றிரவு ஒரு சோதனை செய்து பாருங்கள். கைப்பேசியைத் தட்டில் வைத்துப் பத்து நிமிடம் கழித்து முதுகைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடாக இருந்தால் சரி. கையை எடுக்கும் அளவுக்குச் சுட்டால், உறையைக் கழற்றி, அரை விரல் அளவு நகர்த்தி வைத்து மறுபடியும் பாருங்கள். அப்போதும் சுட்டால் அந்தத் தட்டைப் பயன்படுத்தாதீர்கள். அடுத்த முறை பெற்றோர் வீட்டுக்குப் போகும்போது அவர்களுடைய தட்டையும் இப்படித் தொட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள்.